கையால் இழுத்துவிடத் தேவையில்லாத கில்ட்

கேள்வி: எனக்கு 38 வயது, மேசை வேலை. கால்சட்டையைவிட கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் மடிப்பு வைத்த ஆடை), ஸ்கர்ட் வகை ஆடைதான் எனக்கு வசதி என்று பல நாளாகவே ஓர் எண்ணம். இணையத்தில் ஒரு கில்ட் வாங்கினேன். ஜீன்ஸ் அளவு 34 என்பதால் அதையே கொடுத்தேன். வந்தது முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. பின்பக்க மடிப்புகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. உட்கார்ந்தால் முன்பக்கம் விலகுகிறது. காற்றடித்தால் கை தானாகக் கீழே போகிறது. என் மனைவியின் ஸ்கர்ட்டையும் போட்டுப் பார்த்தேன். இடுப்பு பிடிக்கிறது, பக்கவாட்டில் பை போலப் புடைக்கிறது. பேருந்து, படிக்கட்டு, சைக்கிள், அலுவலகம் என்று தினசரி இதை அணிய முடியுமா? உள்ளே என்ன போட வேண்டும்? வெளியே போனபோது எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்குத் துணிச்சல் போதவில்லையா?

பதில்: உங்கள் கடிதத்தில் துணிச்சலைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. மற்றதெல்லாம் அளவுக் குறையும் தையல் குறையும். ஆடை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் கை அதைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும்: இடுப்பை மேலே இழுக்கும், முன்பக்கத்தைப் பிடிக்கும், பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கும். எதிரே வருபவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கைதான். எனவே ஆடையைச் சரிசெய்வோம். பார்வையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கில்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். அதன் மேல்விளிம்பு எங்கே இருக்கிறது? ஜீன்ஸ் நிற்கும் இடத்தில், அதாவது இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கில்ட்டின் இடம் அதுவல்ல. பக்கவாட்டில் சாய்ந்தால் உடம்பில் ஒரு மடிப்பு விழுமே, அதுதான் உண்மையான இடுப்பு. தொப்புள் உயரத்திலோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ இருக்கும். கில்ட்டை அங்கே ஏற்றி, வார்களை இறுக்கிப் பாருங்கள். மூன்று இன்ச் ஏற்றினால் கீழ்விளிம்பும் மூன்று இன்ச் ஏறும். பின்பக்க மடிப்புகளும் பாதிக்குப் பாதி மூடிக்கொள்ளும். காரணம் எளிது. மடிப்புகள் இடுப்பிலிருந்து பிட்டத்தின் அகன்ற பகுதிவரை, அதாவது மொத்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு, ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். இடுப்பில் குறுகலாகவும் கீழே போகப்போக அகலமாகவும் அந்தப் பகுதி அமைந்திருக்கும். ஆடை இறங்கிவிட்டால் இடுப்புக்கென்று வெட்டிய குறுகல் பகுதி பிட்டத்தின் மேல் வந்து உட்காருகிறது. அங்கே துணி போதாமல் மடிப்பு வாயைத் திறக்கிறது. உங்கள் புகார்களில் இரண்டுக்கு இந்த ஒன்றுதான் மூலம்.

ஜீன்ஸ் லேபிளில் இருக்கும் 34 உங்கள் உடம்பின் அளவும் அல்ல, பல நேரம் அந்த ஜீன்ஸின் அளவும் அல்ல. டேப்பை ஜீன்ஸின் பட்டியில் வைத்துப் பார்த்தால் 36கூட வரும். கில்ட்டுக்கு மூன்று அளவுகள் வேண்டும். மூன்றையும் இன்னொருவர் எடுப்பது நல்லது. முதலாவது, மேலே சொன்ன இடுப்பு. வயிற்றை உள்ளிழுக்காமல், டேப்புக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழையும்படி எடுக்க வேண்டும். இரண்டாவது, பிட்டத்தின் மிக அகன்ற சுற்றளவு. வயிறு முன்தள்ளியிருந்தால் டேப்புக்குள் ஓர் அட்டையை வயிற்றின்மேல் செங்குத்தாக வைத்து, அதையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கம் வயிற்றில் ஏறி நிற்கும். மூன்றாவது நீளம்: இடுப்பிலிருந்து முழங்கால் சில்லின் நடுப்பகுதிவரை. அளவெடுக்கும்போது நீங்கள் குனிந்து பார்க்கக் கூடாது. தலை குனிந்தாலே முன் அளவு ஒரு இன்ச் மாறிவிடும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. நிமிர்ந்த உடம்போடு மண்டியிட்டால் கில்ட்டின் விளிம்பு தரைக்கு ஏறக்குறைய ஒரு இன்ச் மேலே நிற்க வேண்டும். தரையில் மடங்கி விழுந்தால் நீளம் அதிகம்.

மேலே ஏற்றியதும் வார் எட்டவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். வாரில் வழக்கமாக மூன்று துளைகளுக்குக் குறையாமல் இருக்கும். அதற்குமேல் பக்கிளைப் பிரித்து இடம் மாற்றித் தைத்தால் இன்னும் ஒன்றிரண்டு இன்ச் கிடைக்கும். அதற்கும் மேல் தேவை என்றால் அந்தக் கில்ட் உங்களுக்கானது அல்ல, திருப்பி அனுப்பிவிடுங்கள். பிட்டத்தில் அளவு குறைவாக இருந்தாலும் அதே முடிவுதான். மடிப்பு ஒவ்வொன்றையும் பிரித்து மறுபடி தைப்பது புதிதாகத் தைப்பதைவிட அதிக வேலை.

அடுத்து, முன்பக்கம் விலகுவது. கில்ட்டின் முன்னால் இரண்டு மடல்கள் உண்டு, மேல் மடல், உள் மடல் என்று. உள் மடல் உங்கள் வலப்புறத்திலிருந்து இடப்புறம் போய் இடது இடுப்பில் மாட்டும். அதற்கென்று இடப்பக்கத்தில் ஒரு துளை இருக்கும், வார் அதன் வழியாக வெளியே வரும். மேல் மடல் அதன்மேல் இடமிருந்து வலமாக வந்து வலது இடுப்பில் மாட்டும். மடிப்புகள் எப்போதும் பின்பக்கம். மடிப்பு அழகாக இருக்கிறதே என்று முன்னால் திருப்பிப் போடுவது புதிதாக அணிபவர்கள் செய்யும் தவறு. நல்ல கில்ட்டில் இரண்டு மடல்களும் ஒரே அகலம், இரண்டும் கீழே போகப்போக விரியும். மலிவான கில்ட்டில் துணியை மிச்சப்படுத்த உள் மடலைப் பாதியோடு வெட்டிவிடுவார்கள், மேல் மடலையும் நேர்க்கோடாகவே விட்டுவிடுவார்கள். உட்காரும்போது தொடை அகலும், துணிக்கு அந்த அகலம் இல்லை, அதனால் விளிம்பு எகிறுகிறது. உங்களுடையதில் உள் மடல் இடது இடுப்புவரை முழுதாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால், வலது ஓரத்தில் இடுப்பிலிருந்து 20 சென்டிமீட்டர் கீழே, இரண்டு மடலுக்கும் நடுவே மறைவாக ஓர் அழுத்துப் பித்தான் வைக்கலாம். அதற்குக் கீழே வைத்தால் எட்டு வைத்து நடக்கும்போது பிய்ந்துவிடும். உள் மடல் வரவில்லை என்றால் பித்தானால் பயனில்லை.

மேல் மடலின் கீழ் வலது மூலையில் குத்தும் கில்ட் ஊசியை இரண்டு மடலையும் சேர்த்துக் குத்துகிறார்கள் சிலர். கூடாது. அது மேல் மடலில் மட்டும் குத்த வேண்டிய பொருள், எடைக்கும் அழகுக்கும்தான். இரண்டையும் சேர்த்தால் முதல் பெரிய எட்டிலேயே துணி கிழியும்.

இனி காற்று. இதில் எல்லாமே துணியின் எடைதான். பாரம்பரிய கில்ட் கம்பளித் துணியின் எடையை ஒரு கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 10, 11 அவுன்ஸ் மெலிது, 13 நடுத்தரம், 16 கனம். எட்டு கெஜம் பிடிக்கும் 16 அவுன்ஸ் கில்ட் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். அதன் பின்பக்கத்தில் 25 முதல் 30 மடிப்புகள், ஒவ்வொன்றும் பல அடுக்கு. சாதாரணக் காற்று அதை அசைக்கத்தான் செய்யும், தூக்காது. நீங்கள் வாங்கியது மெல்லிய அக்ரிலிக்காக இருந்தால் தூக்கும். வெப்பமான ஊரில் அந்த எட்டு கெஜக் கம்பளி ஒரு தண்டனை. 13 அவுன்ஸில் ஐந்து கெஜம், அல்லது பெட்டி மடிப்பு வைத்த நாலு கெஜம் போதும். கையில் இருக்கும் மெல்லிய கில்ட்டைக் காப்பாற்ற, திரைச்சீலையின் அடியில் போடும் எடை நாடாவைப் பின்பக்கக் கீழ்விளிம்பின் உட்புறம் கைத்தையலில் பிடிக்கலாம். முன்பக்கத்துக்கு வேண்டாம், அங்கே ஸ்போரன் என்கிற, இடுப்பிலிருந்து முன்னால் தொங்கும் பை அந்த வேலையைச் செய்யும். தொந்தரவு தரும் காற்று பின்னாலிருந்து வருவதும் கீழிருந்து வருவதும்தான்: மேம்பாலம், சுரங்க ரயில் நிலைய வாசல், நடைபாதையில் பதித்த காற்றுக் கம்பிவலை. அந்த இடங்களில் தோள்பையைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டால் போதும்.

உங்கள் மனைவியின் ஸ்கர்ட் பை போலப் புடைப்பதற்குக் காரணம் உடம்பு வாகு. பெண்களுக்கான வெட்டில் இடுப்புக்கும் பிட்டத்துக்கும் சுற்றளவு வித்தியாசம் பெரும்பாலும் 25 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். ஆண் உடம்பில் அது 10, 15தான். மீதித் துணிதான் பக்கவாட்டில் நிற்கிறது. தையல்காரரிடம் கொடுத்தால் பக்கத் தையலில் பிட்டத்தை ஒட்டி நாலு புறமும் சமமாக எடுத்துவிட்டு, இடுப்பைக் குறுக்கப் பிடித்திருக்கும் டக்குகளைப் பாதியாகக் குறைப்பார். முன்பக்கம் டக்கே வேண்டாம். ஆணின் வயிறு நேராக இறங்கும், டக்கின் முனை அங்கே ஒரு கூம்பாகத் துருத்தும். ஆனால் இரவல் ஸ்கர்ட்டை வெட்டுவதைவிடப் புதிதாகத் தைப்பதே உத்தமம். வீட்டில் சமாதானமும் நிலைக்கும்.

கில்ட்டா, ஸ்கர்ட்டா என்று கேட்டால், முதல் ஆடையாக ஒற்றை நிறத்தில், முழங்கால் அளவில், பின்னால் மட்டும் மடிப்பு வைத்த கில்ட் வெட்டையே சொல்வேன். 2000-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆரம்பித்த யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் பருத்தித் துணியில் பைகள் வைத்துச் செய்ததும் இந்த வெட்டின் வகைதான். காரணம் நடை. நேராக இறங்கும் ஸ்கர்ட்டில் கீழ்ச்சுற்றளவு போதாவிட்டால் பேருந்துப் படியில் கால் வைக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம். 40 சென்டிமீட்டர் உயரமுள்ள முக்காலியில் ஒரு காலை வைத்து, இரண்டு முழங்காலையும் சுற்றி டேப் பிடியுங்கள். அதோடு 8 சென்டிமீட்டர் கூட்டுங்கள். அதற்குக் குறைவான சுற்றளவுள்ள எந்த ஸ்கர்ட்டிலும் பின்பிளவோ மடிப்போ கட்டாயம். பின்பிளவு முழங்கால் மடிப்புக்கு மேல் ஒரு சாணுக்கு மேல் போனால், படியேறும்போது உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் சங்கடம்.

தைக்கக் கொடுப்பதாக இருந்தால் தையல்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இடுப்பு 84 சென்டிமீட்டர், பிட்டம் 94, அதில் தளர்வுக்கு 2 சேர்த்து 96, நீளம் 60 என்று வைத்துக்கொள்வோம். பிட்டத்தில் பாதி 48 பின்பக்கம், பாதி 48 முன்பக்கம். பின்பக்கம் 12 மடிப்பு. வெளியே தெரிவது 4, உள்ளே மறைவது 8, ஆக ஒரு மடிப்புக்கு 12, மொத்தம் 144. இரண்டு மடலும் 48 வீதம் 96. ஒவ்வொரு மடலின் இரு ஓரமும் கீழே 4 விரிய வேண்டும், அதற்கு 16. வெளி ஓரங்களை உள்ளே மடிக்க 5 வீதம் 10. மடலும் மடிப்பும் சந்திக்கும் இரு பக்கமும் ஒவ்வொரு ஆழ்மடிப்பு, 12 வீதம் 24. கூட்டினால் 290. 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் இரண்டு துண்டை இணைத்தால் தையல் போக 297 கிடைக்கும், போதும். இணைப்புத் தையலை ஒரு மடிப்பின் உள்ளே மறைத்துவிட வேண்டும். ஒவ்வொரு துண்டும் 65.5 நீளம் (கீழ் மடிப்புக்கு 4, மேலே தையலுக்கு 1.5). இடுப்புப்பட்டி ஒரு சுற்று போக உள் மடலுக்கும் சேர்த்து 130 நீளம், 10 அகலம். எல்லாம் சேர்த்து ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். சுருங்குவதையும் கோணலையும் நினைத்து 1.6 மீட்டர் வாங்குங்கள்.

இடுப்பு 84 என்பதால் பின்பக்கம் 48 இருப்பது மேலே 42 ஆக வேண்டும். 12 மடிப்புக்கு 6 சென்டிமீட்டர், ஆக மடிப்புக்கு அரை சென்டிமீட்டர். பிட்டத்தில் 4 தெரிவது இடுப்பில் 3.5 தெரியும்படி ஒவ்வொன்றையும் சரிவாகத் தைத்துக்கொண்டே போக வேண்டும், 18 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு. இங்கேதான் அவசரக்காரர் தவறு செய்வார். 12 மடிப்பையும் நேராகத் தைத்துவிட்டு, மிஞ்சிய 6 சென்டிமீட்டரைக் கடைசி இரண்டு மடிப்பில் திணித்துவிடுவார். நடுமுதுகில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், இரண்டு ஓரமும் கோணிக்கொண்டு போகும். மடிப்பு பிடிப்பதற்கு முன்பே கீழ்விளிம்பை மடித்துத் தைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். மடிப்பு பிடித்தபின் ஹெம்மிங் போட நினைத்தால் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் கை நுழைக்க வேண்டிவரும். பாரம்பரிய கில்ட்டில் ஹெம்மே கிடையாது. நெசவின் ஓரக்கரையையே கீழ்விளிம்பாக வைத்துவிடுவார்கள். மடித்துத் தைத்த இரட்டைக் கனம் இல்லாததால் மடிப்பு கத்தி போல விழும். உங்கள் துணியில் கரை சுத்தமாக இருந்து, துணியை நீளவாக்கில் வெட்டச் சம்மதம் என்றால் அதையே செய்யலாம். மூன்று மீட்டர் வாங்கினால் இரண்டு கில்ட் வரும்.

இடுப்பின் உட்புறம் கேன்வாஸ் வைக்கச் சொல்ல மறக்காதீர்கள். வார் இழுக்கும் பாரம் அந்தக் கேன்வாஸில் விழ வேண்டும். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் மடிப்புத் தையல் விட்டுவிடும். துணி, சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிராம் எடையுள்ள பாலியெஸ்டர் விஸ்கோஸ் கலப்பு என்றால் மடிப்பு நிற்கும், வீட்டில் துவைக்கலாம். பருத்தி டிரில் உடம்புக்கு இதம், ஆனால் ஒவ்வொரு துவைப்பிலும் மடிப்பு கரைந்துபோகும். மடிப்பின் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி மேலிருந்து கீழ்வரை ஒரு தையல் ஓட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பருத்தியை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்து உலர்த்திவிடுங்கள். லினன் வேண்டாம்; அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் மடிப்பு எது, கசங்கல் எது என்று தெரியாமல் போய்விடும்.

உள்ளே என்ன? உள்ளாடைதான். கில்ட்டுக்குள் ஒன்றும் அணியக் கூடாது என்பது பட்டாள வழக்கத்திலிருந்து வந்த பேச்சு. அதைப் பொது இடத்து இருக்கைகளில் கடைப்பிடிக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலாண்டின் நடனப் போட்டிகளிலேயே உள்ளாடை கட்டாயம். தொடையை ஒட்டி 6 முதல் 8 இன்ச் கால் உள்ள பாக்ஸர் பிரீஃப், அடர்ந்த நிறத்தில் போடுங்கள். இதற்கு மானத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. கால்சட்டை அணிந்தே பழகியவருக்குத் தொடையும் தொடையும் நேராக உரசுவது புதிது. வியர்வையில் ஒரு மணி நேரம் நடந்தால் தோல் சிவந்து எரியும். துணி ஒன்று நடுவில் இருந்தால் எரியாது. செயற்கை இழை உள்ளாடையின் மேல் செயற்கை இழை ஸ்கர்ட் போட்டால் வறண்ட நாளில் நிலைமின்சாரம் பிடித்துக் காலோடு ஒட்டும். இரண்டில் ஒன்று பருத்தியாக இருக்கட்டும்.

உட்காருவது ஒரு வாரப் பழக்கம். நாற்காலிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், இரண்டு புறங்கையாலும் பிட்டத்தின் மேலிருந்து கீழாகத் தடவி மடிப்புகளைத் தட்டையாக்கிக்கொண்டே உட்காருங்கள். தடவாமல் உட்கார்ந்தால் மடிப்பு கசங்குவதோடு, சில மடிப்புகள் பக்கவாட்டில் விரிந்து வெறும் தொடை இருக்கையில் படும். பிளாஸ்டிக் இருக்கையிலிருந்து எழும்போது அது எப்படிப் பிரியும் என்று ஒரு தடவை பட்டால் தெரியும். உட்கார்ந்தபின் முழங்கால்களைத் தோள் அகலத்துக்குள் வைத்து, மடலின் நடுவை விரல் நுனியால் ஒரு தட்டு தட்டுங்கள். துணி இரு தொடைக்கும் நடுவே தாழ்ந்துகொள்ளும். ஸ்போரன் இருந்தால் அதன் எடையே இதைச் செய்யும். கணுக்காலைத் தூக்கி மறு முழங்காலில் போட்டு உட்காரும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். மேடையில் அல்லது எதிரே தாழ்ந்த சோபா உள்ள அறையில் கணுக்கால்களைக் குறுக்காக வைத்துக்கொள்ளலாம். காரிலிருந்து இறங்கும்போது இரண்டு காலையும் சேர்த்து வெளியே திருப்பிவிட்டு எழுங்கள்.

யாரும் கேட்கத் தயங்குவது கழிப்பறை. நின்றபடி என்றால் ஸ்போரனை இடுப்புப் பக்கம் தள்ளிவிட்டு, மடலை மட்டும் மேலே தூக்கித் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ளலாம், இரண்டு கையும் விடுபடும். உட்கார வேண்டும் என்றால் கில்ட்டைக் கழற்றவோ கீழே இறக்கவோ கூடாது. இரண்டு பக்கத்திலிருந்தும் விளிம்பைப் பிடித்து மடிப்புகளைச் சுருட்டிக்கொண்டே இடுப்புக்கு மேல் கொண்டுவந்து, முன்னால் மடியில் மொத்தமாகத் தழுவிக்கொள்ளுங்கள். தப்பிப் போவது எப்போதும் நடுமுதுகில் இருக்கும் இரண்டு மூன்று மடிப்புகள்தான். உட்காருமுன் ஒரு கையைப் பின்னால் விட்டு ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

படிக்கட்டுக்கும் எஸ்கலேட்டருக்கும் முழங்கால் நீளமே பாதுகாப்பு. அதற்கு மேல் பயிற்சி ஏதும் வேண்டாம். சைக்கிளில் குறுக்குக் கம்பி தாழ்ந்த சட்டகம் நல்லது. சேணத்தில் மடிப்பின்மேல் உட்காராமல், அவற்றைப் பின்னால் தொங்கவிட்டு உட்காருங்கள். இல்லாவிட்டால் அதே இடத்தில் உரசி உரசிக் கம்பளி வழுவழுவென்று மின்ன ஆரம்பிக்கும். பின்சக்கரத்தில் மட்கார்டும் சங்கிலிக்கு மூடியும் இல்லாமல் போகாதீர்கள். மோட்டார் சைக்கிளுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். சூடான புகைக்குழாய் வெறும் கெண்டைக்காலைச் சுட்டுவிடும். விழுந்தால் தோலுக்குக் காப்பில்லை. கட்டாயம் போக வேண்டும் என்றால் மேலே போடும் ஓவர் பேன்ட் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசல் இயந்திரம், சுழலும் தண்டு, ஆய்வுக்கூடத்து அமிலம், கொதிக்கும் எண்ணெய் இருக்கும் இடங்களுக்கும் இது ஆகாது. தளர்ந்த துணிக்கும் திறந்த காலுக்கும் அங்கே உள்ள தடை ஆண் பெண் இருவருக்கும்தான்.

கைபேசியையும் சாவியையும் எங்கே வைப்பது? பக்கத் தையலில் பை வைக்கலாம். திறப்பு 17 சென்டிமீட்டர், ஆழம் 25. ஆனால் பையின் பாரம் தையலில் தொங்கக் கூடாது. பைத்துணியின் மேல் ஓரத்திலிருந்து ஒரு நாடாவை இடுப்புப்பட்டியோடு பிடித்துவிட்டால் கைபேசி தொடையில் அடிக்காது, ஸ்கர்ட்டும் ஒரு பக்கம் இறங்காது. ஸ்போரன் கட்டினால் அதன் மேல்விளிம்பு பெல்ட்டுக்கு ஒரு கையகலம் கீழே இருக்கட்டும். தினசரிக்குச் சாதாரணத் தோல் போதும். ரோமமும் வெள்ளிக் குஞ்சமும் விருந்துக்கு. காலுறையில் செருகும் சின்னக் கத்தி தினசரி உடுப்பில் சேராது. விமான நிலையத்தில் வீண் வம்பு.

மேலே நீங்கள் வழக்கமாகப் போடும் சட்டையையே போடுங்கள். கில்ட் உயர்ந்த இடுப்பில் நிற்பதால் நீளமான சட்டையை வெளியே விட்டால் உடம்பு பாதியாகக் குறுகித் தெரியும்; உள்ளே செருகுங்கள், அல்லது இடுப்போடு நிற்கும் ஜாக்கெட். கீழே கொஞ்சம் கனமான ஷூ, முழங்காலுக்கு இரண்டு மூன்று விரல் கீழே மடித்துவிட்ட நீளக் காலுறை. கணுக்கால் காலுறையும் மெல்லிய காலணியும் சேர்ந்தால் பாதி உடுத்தி வந்தது போலிருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், கில்ட் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நேற்று பார்த்த அதே ஆள் என்று இருக்கட்டும்.

அலுவலகத்துக்கு முதலில் உடை விதியின் வாசகத்தை எடுத்துப் படியுங்கள். 2017 ஜூன் வெயிலில் பிரான்சின் நாந்த் நகரப் பேருந்து ஓட்டுநர்களும், இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் ஒரு பள்ளி மாணவர்களும் ஸ்கர்ட் அணிந்து வந்தது இந்த வழியில்தான். அரைக்கால் சட்டைக்குத் தடை இருந்தது. ஸ்கர்ட் விதியில் ஏற்கெனவே இருந்தது. உங்கள் விதியில் ‘முழங்கால் நீள ஸ்கர்ட்’ என்று இருந்தால், மனிதவளப் பிரிவுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன நிறம், இன்ன நீளம், இன்ன தேதியிலிருந்து அணிகிறேன். அனுமதி கேட்டு நீண்ட விளக்கம் எழுதினால் விவாதம் கிளம்பும். ‘ஆண்கள் கால்சட்டை’ என்றே இருந்தால் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வரும்வரை காத்திருங்கள். முதல் நாளாக வாடிக்கையாளர் கூட்டம் இல்லாத சாதாரண வேலைநாளைத் தேர்ந்தெடுங்கள்.

பார்வைகளைப் பற்றி: பார்ப்பார்கள். 1746-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கில்ட்டையும் சேர்த்து ஹைலாண்ட் உடைக்குத் தடை போட்டபோது முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. 1782-இல்தான் அது நீங்கியது. இன்று கிடைப்பது ஒரு திரும்பிப் பார்த்தல். பெரும்பாலானவர் கேட்பது ஒரே கேள்வி, ‘இது என்ன?’ அதற்கு ‘கில்ட், வசதியாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள். துணியைத் தூக்க வேடிக்கையாகக் கை நீட்டுபவரிடம் மட்டும் சிரிக்காதீர்கள். பெண்ணிடம் செய்தால் எது தவறோ அது உங்களிடமும் தவறு, அதை அதே குரலில் சொல்லலாம். குடிபோதையில் கூட்டம் சேரும் இடம், பழக்கமில்லாத இரவுத் தெரு ஆகியவற்றை முதல் மாதம் தவிர்ப்பது கோழைத்தனம் ஆகாது. பையில் மடித்த கால்சட்டை ஒன்று இருந்தால் மனத்துக்குத் தெம்பு என்றால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு குறைவுதான். கம்பளிக் கில்ட்டை அடிக்கடி வெளுக்கப் போடாதீர்கள். கழற்றியதும் பிரஷ்ஷால் கீழ்நோக்கித் தட்டி, இடுப்பில் கிளிப் போட்டு ஓர் இரவு காற்றாட விடுங்கள். உலர்சலவைக்குக் கொடுக்கும்போது மடிப்புகளை அடியில் இரண்டு வரிசை கச்சாத் தையலால் பிடித்துக் கொடுங்கள். திரும்பி வந்ததும் ஈரத் துணி விரித்து இஸ்திரி போடுங்கள். பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும், கச்சாத் தையலின் மேல் அழுத்தினால் நூல் தடம் பதிந்துவிடும். பயணத்துக்கு மடித்து வைக்க வேண்டாம். மடிப்புகள் நேராக இருக்கும்படி நீளவாக்கில் உருளையாகச் சுருட்டி, ஒரு பழைய பெண்கள் ஸ்டாக்கிங்கின் பாதத்தை வெட்டிவிட்டு அந்தக் குழாய்க்குள் நுழைத்துவிட்டால் பெட்டியில் எங்கே செருகினாலும் கசங்காது.